மருதாசலத்தின் நிம்மதி

மருதாசலத்துக்கு எரிச்சல் வரக் கூடாது. வந்தால் சிங்காநல்லூரில் வனிதாமணிக்கு விரல் வீங்கும். ராமநாதபுரத்தில் அமல்ராஜுக்கு முதுகு கம்பியாய் விறைக்கும். கரும்புக்கடையில் ரெய்ஹானாவுக்குக் குடல் புண்ணாகும். இன்னும் இரண்டு பேருக்குத் தோலும் கண்ணும் சிவக்கும். இது மந்திரமோ சாபமோ அல்ல. மருத்துவம். அதுவும் அரசாங்கம் பார்த்துக் கையெழுத்திட்ட மருத்துவம்.

ஆள் ஒன்றும் மகான் இல்லை. ஒண்டிப்புதூரில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்து, சலித்துப்போய், ஓய்வு வயதுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டவர். பத்து மணிக்கு மேல் எழுவார். கேரம் ஆடும்போது முழங்கையால் காயை நகர்த்துவார், பார்த்துவிட்டால் சட்டை தட்டிவிட்டது என்பார். பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அந்த மனுஷன் உடம்பில்தான், டாக்டர் தாட்சாயணி தமிழ்நாடு முழுக்கத் தேடிய ஒரு பொருள் இருந்தது.

அது என்ன பொருள் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வனிதாமணி கேட்டாள். டாக்டர் அவளுடைய விரல்களை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிக்கச் சொன்னாரே தவிர விரல்கள் விரியவில்லை. பத்தும் பத்துத் திசையில் வளைந்து கிடந்தன.

"உங்க உடம்புல காவலுக்கு இருக்கற அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்மா. ரசாயனத்துலதான் பேச்சு. திருடன் வந்துட்டான், ஓடி வாங்கன்னு ஒண்ணு சேதி அனுப்பும். மத்ததெல்லாம் ஓடி வரும். அந்த இடம் சிவக்கும், வீங்கும், வலிக்கும். திருடன் போனப்புறம், போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு இன்னொரு சேதி வரணும். உங்களுக்கு அந்த ரெண்டாவது சேதி வர்றதில்ல. திருடனே இல்லாத வீட்டுல வருஷக்கணக்கா அடிதடி நடக்குது."

"அப்ப அந்தச் சேதிய ஊசில போட்டுவிட வேண்டியதுதானுங்களே."

"போட்டுப் பாத்தோம். ஒரு ரசாயனமா இருந்தா ஆகும். இது முப்பது நாப்பது இருக்கு. எது முன்னால வரணும், எது பின்னால, எவ்வளவு, எப்ப நிறுத்தணும், எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். உயிரோட இருக்கற உடம்புக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். வீட்டுல தயிருக்கு என்ன பண்ணுவீங்க?"

"பழைய தயிரு ஒரு கரண்டி ஊத்துவேன்."

"அதேதான். உறை. ஒண்டிப்புதூர்ல ஒருத்தர் இருக்கார். அவர் உடம்பு மாதிரி 'போதும்'னு சொல்லத் தெரிஞ்ச உடம்ப நான் பாத்ததில்ல."

மருதாசலத்தின் காறை எலும்புக்குக் கீழே காசு அளவில் ஒரு கருவி வைத்தார்கள். அதே போல ஐந்து பேருக்கும் ஒன்று. அவருடையது கேட்கும், இவர்களுடையது பேசும் என்று டாக்டர் சொன்னார். அவர் உடம்பில் அந்தச் சேதி எந்த வரிசையில், எந்த அளவில் போகிறதோ, அதையே இவர்கள் உடம்பிலும் சொல்லிக் கொடுக்கும். நடுவில் இருந்தது சாதாரண ஃபோன் டவர். இப்படிக் கொடுப்பவருக்கு யாரும் எதுவும் தரக் கூடாது என்று சட்டம். அவரும் எதுவும் கேட்கவில்லை. "சும்மாதான கெடக்குது, எடுத்துக்கங்க" என்றார், கொல்லையில் கறிவேப்பிலை கேட்டவரிடம் சொல்வது போல.

நான்காவது மாதம் வனிதாமணி தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அவள் புருஷன் செல்வகுமார்தான் பின்னிவிட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமும் கோணலாகவே பின்னினான். ஆறாவது மாதம் அவள் பழைய மோட்டார் பட்டறைக்கே வைண்டிங் வேலைக்குத் திரும்பினாள். செம்புக் கம்பியைச் சுற்றி, ஒவ்வொரு சுருளாக மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டுக்குள் இறக்கி, விரலால் அழுத்தி உட்கார வைக்கும் வேலை. முதல் மோட்டார் ஓடிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. உறை கெடக் கூடாது.

மனக்கஷ்டம் வந்தால் உடம்பு முதல் சேதியைச் சத்தமாகச் சொல்லும், இரண்டாவதை விழுங்கிவிடும். எல்லா உடம்பும் அப்படித்தான். மருதாசலத்தின் உடம்பும் அப்படித்தான், என்ன, கொஞ்சம் தாமதமாக. அதனால் ஐந்து பேரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரே குழாயைப் பங்கிடும் லைன் வீடுகளில் குழாயடி கழுவ முறை வைப்பார்களே, அது போல. ஆளுக்கொரு நாள். முறைக்காரர் அன்றைக்கு மருதாசலத்தோடு பேக்கரியில் டீ குடிக்க வேண்டும், தேங்காய் பன்னில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், பேக்கரிக்குப் பின்னால் இருந்த அறையில் அவரோடு கேரம் ஆடித் தோற்க வேண்டும். அமல்ராஜ் கார்ப்பரேஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டர். மாவட்ட அளவில் கேரம் ஆடியவர். அவர் தோற்பதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

மருதாசலத்தின் ஃபோனையும் மாற்றி வைத்திருந்தார்கள். எரிச்சல் உண்டாக்கக்கூடிய எண்கள் எல்லாம் முறைக்காரரின் ஃபோனுக்குப் போகும். "இன்சூரன்ஸ்காரன், சொந்தக்காரன், எல்லாத்தையும் நீங்களே பேசிக்கங்க. எனக்கு அக்கடான்னு இருக்கும்" என்று அவரே கொடுத்ததுதான்.

சொந்தக்காரன் என்றால் அவருடைய அண்ணன் சென்னியப்பன். சூலூர் தாண்டிச் சொந்த ஊரில் இருந்தார். பொதுக் கிணற்றில் மோட்டார் எரிந்துபோனதில் ஆரம்பித்த சண்டை. நீ எரித்தாய், நான் எரித்தேன் என்று பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. வனிதாமணி ஒருமுறை தன் தொழில் அறிவைக் காட்டினாள்.

"ஏனுங்கண்ணா, மூணு ஃபேஸ்ல ஒண்ணு கட்டாயி ஓடுனா மோட்டாரு எரியத்தான் செய்யும். அதுல யாரு தப்புமில்லீங்."

"அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும் அம்மிணி. அதுக்காகச் சண்டைய விட்டுட முடியுமா?"

இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ராக்கெட் செத்தது.

ராக்கெட் மருதாசலத்தின் நாய். மூன்று கால். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. தண்ணீர் லாரி ஏறிவிட்டது. செய்தி தெரிந்ததும் ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். நாயை அவர் பார்க்கும் முன்பே சாக்கில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்தார் அமல்ராஜ். மற்றவர்கள் மருதாசலத்தைத் தியேட்டருக்கு அழைத்துப் போனார்கள். சிரிப்புப் படம். பிறகு உக்கடத்தில் பிரியாணி. இரண்டு பிளேட் சாப்பிட்டார், நன்றாகச் சிரித்தார். தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஆரம்பித்தது. மூன்று வாரம். வனிதாமணியின் விரல்கள் பழைய திசைகளை நினைவு வைத்திருந்து ஒவ்வொன்றாகத் திரும்பின. அமல்ராஜ் படுத்தபடி பாடம் நடத்தினார். ரெய்ஹானாவின் குடலில் ஒரு முழத்தை வெட்டி எடுத்தார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெட்டறதுக்கு மிச்சம் இருக்காது" என்றார் டாக்டர் தாட்சாயணி. கருவியை அணைக்கவும் வழி இல்லை. படிப்படியாகத்தான் குறைக்க முடியும். சட்டென்று அணைத்தால் அவரவர் நோய் மொத்தமாகத் திரும்பும்.

அதற்குப் பிறகு முறை இன்னும் கண்டிப்பானது.

*

அந்த வியாழக்கிழமை வனிதாமணியின் முறை. காலையில் பட்டறையில் ஒரு நீர்மூழ்கி மோட்டாருக்குக் கம்பிச் சுருள் இறக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மருதாசலத்துக்கு வந்து, இவளுக்குத் திரும்பிய அழைப்பு.

"சித்தப்பாங்களா?"

"அவரு பக்கத்துல இல்லீங். நான் அவருக்குத் தெரிஞ்சவங்க. நீங்க?"

"சுகன்யாங். சென்னியப்பன் மக." அந்தப் பெண் அழவில்லை. அழுது முடித்த குரல். "அப்பா காத்தால போயிட்டாருங். சாயந்திரம் எடுக்கறோம். சித்தப்பாகிட்டச் சொல்லீருங்."

"அய்யோ. என்னாச்சுங்?"

"நெஞ்சு வலிங். எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டும் பொண்ணுங்க. கொள்ளி வெக்கச் சித்தப்பா வந்தா அவரு வெக்கட்டும். வரலைன்னா நானே வெச்சுக்குவேன். ஆனா சொல்லாம வெச்சுட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுங். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"சொல்றனுங்" என்றாள் வனிதாமணி. சொல்லிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த செம்புக் கம்பி முறுக்கிக்கொண்டுவிட்டது.

அமல்ராஜைக் கூப்பிட்டாள். மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லிருங்க வனிதா மேடம்."

"ரெய்ஹானா?"

"அதான். அதையும் யோசிச்சுட்டேன். ஆனா கூடப் பொறந்தவன் சாவு. நாய்னு நெனச்சுப் புதைச்சுட்டு வர முடியாது. நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா நம்ம மூஞ்சில முழிப்பாரா? நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுல போய் எப்படி உக்காருவேன்?"

"நீங்க சர்ச்சுல உக்கார்றதுக்கு அந்தப் புள்ளயோட குடலக் குடுக்கறதுங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்?"

 பிறகு இவளே மெதுவாக, "கோவிச்சுக்காதீங்க சார்" என்றாள்.

மற்ற இருவரும் யோசிக்காமலே வேண்டாம் என்றார்கள். கடைசியாக ரெய்ஹானாவைக் கூப்பிட்டாள். அவளிடம் மறைத்துவிட்டு அவளைப் பற்றி முடிவு செய்வது வனிதாமணிக்குப் பிடிக்கவில்லை. என் ஒருத்திக்காக மறைக்காதீங்கக்கா என்று அவள் சொல்வாள், நாம் அழுதுகொண்டே சரி என்போம் என்று ஒரு கணக்கு இருந்தது.

"சொல்லாதீங்கக்கா" என்றாள் ரெய்ஹானா. "எனக்குப் பயமா இருக்கு. தப்புதான். பெரிய தப்புதான். ஆனா சொல்லாதீங்க. பத்து நாள் கழிச்சுச் சொல்லுங்க. அதுக்குள்ள டாக்டர் என் மிஷின மட்டும் கொறைச்சுருவாங்க. பத்து நாள்தானேக்கா."

 வனிதாமணி தன் விரல்களைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தன. அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்தி, தானும் பின்னால் ஒளிந்துகொள்வது அவளுக்கே தெரிந்தது. ரெய்ஹானா இல்லாவிட்டால் உடனே சொல்லியிருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவ்வளவு வேகமாக வரவில்லை.

பட்டறையில் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அவரை ஆழியாறு அணைக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் சூலூரில் எல்லாம் முடிந்திருக்கும்.

*

மருதாசலம் பேக்கரியின் பின்னறையில் போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்.

"என்ன அம்மிணி, இன்னிக்கு நேரமே வந்துட்ட?"

"ஆழியாறு போலாங்களான்னு கேக்க வந்தனுங். மீனு சாப்பிடலாம்."

"போலாம், போலாம். ஒரு ஆட்டம் ஆடீட்டுப் போலாம்."

உட்கார்ந்தாள். அவர் அடித்தார். காய்கள் சிதறின, ஒன்றும் விழவில்லை. இவள் அடித்தாள். வழக்கம் போலத் தப்பாகத்தான் அடிக்க நினைத்தாள். பதற்றத்தில் குறி தவறி, வெள்ளை நேராகக் குழியில் விழுந்தது. அவர் அந்தக் காயையும் இவள் முகத்தையும் பார்த்தார்.

"யாரு செத்தது?"

 "யாருமில்லீங். ஏனுங் இப்படிக் கேக்கறீங்?"

மருதாசலம் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார்.

"காத்தால டீ குடிக்கறப்ப நல்லாத்தான் இருந்தேன். பொறகு வெரலு குடைய ஆரம்பிச்சுது. அது நீ. சித்த நேரம் கழிச்சு முதுகு இழுத்துச்சு. அது அமல்ராஜ் சாரு. கண்ணு எரிஞ்சுது, தோலு அரிச்சுது. கடைசியா வயித்தப் பெசஞ்சுது பாரு, அந்தப் புள்ள ரெய்ஹானா. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டிருக்கற. அஞ்சு பேரும் சேந்து பயப்படறீங்கன்னா யாரோ போயிருக்கோணும். எனக்கு வேண்டியவங்க. எனக்குச் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணீருக்கறீங்க."

 அவருடைய கருவி அவர் உடம்பை மட்டும்தான் கேட்கிறது என்று வனிதாமணி நினைத்திருந்தாள். இல்லை, அது இவர்களையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுதான் டாக்டர் சொன்னது. அவருடையது கேட்கும். எதைக் கேட்கும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"எப்ப இருந்துங்கண்ணா உங்களுக்கு இது தெரியும்?"

"மொத மாசத்துலயே. டாக்டரம்மாகிட்டப் போயிக் கேட்டேன். கம்பில ரெண்டு பக்கமும் கரண்டு போற மாதிரி, கொஞ்சம் திரும்பி வருதுன்னாங்க. கழட்டீரலாமான்னாங்க. வேண்டான்னுட்டேன்."

"அஞ்சு பேரு வலியையும் வெச்சுட்டு எதுக்குங்?"

"வலி என்ன பெரிய வலி, எறும்பு கடிக்கற மாதிரிதான். தனியாக் கெடக்கறவனுக்கு வெளில வாசக்கதவு சத்தம் கேக்கறாப்புல இருக்கும், யாரோ வந்துட்டுப் போறாங்கன்னு." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டது போல இருந்தது. உடனே பேச்சை மாற்றினார். "அமல்ராஜ் சாரு வேணும்னே தோக்கறப்ப என் முதுகு சுருக்குங்கும். அவர ஜெயிக்க வெக்க நான் எவ்வளவு மோசமா ஆட வேண்டியிருக்குது தெரியுமா? சரி, அத வுடு. ராக்கெட்டு செத்தப்ப என்னப் படத்துக்குக் கூட்டீட்டுப் போனீங்க."

"ஆமாங்."

"பிரியாணி வாங்கிக் குடுத்தீங்க. நானும் தின்னேன். சிரிச்சேன். அழுதா உங்களுக்கு வலிக்குமேன்னு அழுகல. மூணு வாரம் அது இங்கயே நின்னுச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "கீழயும் போகல, மேலயும் வரல. ஒரு மணி நேரம் ஒப்பாரி வெச்சிருந்தன்னா போயிருக்கும். இப்பயும் ஆழியாத்து மீன வாங்கிக் குடுத்தீன்னா தின்னுக்குவேன். ஆனா அப்பறம் அந்தப் புள்ளையோட வயித்துக்கு நான் பொறுப்பில்ல."

போர்டில் காய்கள் சிதறியபடியே கிடந்தன. வனிதாமணி மூன்று வாரங்களை நினைத்தாள். திருடனே இல்லாத வீட்டில் அடிதடி. போதும் என்று சொல்ல ஆள் இல்லாமல் அல்ல. ஆரம்பித்ததை முடிக்கவே விடவில்லை, அதுதான் நடந்தது. நாயைப் புதைத்த மண்ணைக்கூட அவருக்குக் காட்டவில்லை.

"உங்க அண்ணனுங்" என்றாள்.

 அவர் ஸ்ட்ரைக்கரை எடுத்து, பவுடரைத் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினார்.

"எப்ப எடுக்கறாங்க?"

"சாயந்திரமுங்."

"உன் ஸ்கூட்டரு போகுமா, பஸ்ல போறதா?"

*

போகும் வழியில் வண்டியை நிறுத்தி அவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள், அமல்ராஜும் மற்ற இருவரும் நேராகச் சாவு வீட்டுக்கே வந்தார்கள். டாக்டருக்கும் சொன்னாள். டாக்டர் நீண்ட பெருமூச்சு விட்டு, ரெய்ஹானாவை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்.

ரெய்ஹானா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சாவு வீட்டு வாசலில் பந்தலுக்கு வெளியே அவள் அம்மாவோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வனிதாமணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"நீ எதுக்குடி வந்த?"

"எப்படியும் வலிக்கப் போகுது. தனியாப் படுத்துட்டு வலிக்கறதுக்கு இங்க வலிக்கட்டும்." அவள் முகம் வெளுத்திருந்தது. "சொல்ல வேண்டாம்னு சொன்னேன்ல. அதுக்கு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

கொங்கு நாட்டுச் சாவு வீட்டில் வருகிறவர்கள் வாயால் ஆறுதல் சொல்வது குறைவு. வரிசையாக நிற்கும் உறவுக்காரர்களிடம் இரண்டு கையையும் நீட்டுவார்கள், அவர்கள் அந்தக் கைகளைத் தொட்டுக் கும்பிட்டு விடுவார்கள். அவ்வளவுதான் துக்கம் கேட்பது. மருதாசலம் வரிசையில் நின்றதும், அவரோடு வந்தவர்கள் என்று யாரோ அமல்ராஜையும் மற்ற இருவரையும் பக்கத்தில் தள்ளி நிறுத்திவிட்டார்கள். அமல்ராஜ் முன்பின் தெரியாத ஐம்பது பேரின் கைகளை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு பெரியவர் கையை விடாமல் என்ன உறவு என்று கேட்டார். "நீங்க எந்த ஊரு ஒறம்பரைங்?"

அமல்ராஜ் திணறினார். "நான் இவருக்கு... முதுகு வழில வர்றதுங்க" என்றார்.

பெரியவர் அந்த வழியைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

உள்ளே பெண்கள் பக்கம் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். வனிதாமணியையும் ரெய்ஹானாவையும் யார் என்று கேட்காமலே இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சுகன்யா வந்து வனிதாமணியின் கையைப் பிடித்தாள். "சொல்லீட்டீங்" என்றாள். அது நன்றியா, வெறும் தகவலா என்று தெரியவில்லை. வனிதாமணிக்கு முகம் சுட்டது.

மருதாசலம் அதுவரை அழவில்லை. சடலத்தின் கால்மாட்டில் போய் நின்றார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து என்ன சொல்லப்போகிறான் என்று.

"மோட்டார எரிச்சது நானில்லண்ணா" என்றார். பிறகு உடைந்துபோனார்.

அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. குழந்தை மாதிரித் தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, ஊர் கேட்க அழுதார். அவருடைய அண்ணி தலைமாட்டில் இருந்தபடி, "அவருக்குந் தெரியுந் தம்பி. கரண்டு கோளாறுன்னு சொல்லீட்டேதான் இருந்தாரு. நீங்க மொதல்ல பேசோணும்னு இருந்தாரு" என்று சொல்ல, அழுகை இரண்டு பங்கானது.

வனிதாமணியின் வலது கை ஆள்காட்டி விரல் முதலில் சூடேறியது. பிறகு மற்றவை. அவள் ரெய்ஹானாவைப் பார்த்தாள். ரெய்ஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள், கண்ணை மூடியிருந்தாள். அமல்ராஜ் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் போய் மருதாசலத்தின் அழுகையை நிறுத்தவில்லை. சிரிப்புப் படத்துக்குக் கூப்பிடவில்லை. வலித்தது, விட்டுவிட்டார்கள்.

சுடுகாட்டில் மருதாசலம் கொள்ளியை வாங்கவில்லை. "நீயே வெய்யி கண்ணு. உங்கப்பன் உன்னைத்தான் எதிர்பார்ப்பான். நான் கூட நின்னுக்கறேன்" என்று சுகன்யாவிடம் சொல்லிவிட்டார். முனகிய நான்கு கிழவர்களை அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், வனிதாமணிக்குக் கட்டைவிரலும் சேர்ந்து வலித்தது.

*

ரெய்ஹானாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாளும் எல்லோருக்கும் வீக்கம் இருந்தது. வனிதாமணிக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. செல்வகுமார் பேசாமல் சீப்பை எடுத்து வந்து தலை பின்னிவிட்டான், கோணலாக.

மூன்றாம் நாள் சூலூரில் பால் ஊற்றினார்கள். மருதாசலம் அங்கேயே தங்கியிருந்தார். அன்று மதியம் வனிதாமணி சாதம் பிசைந்தாள். பாதி சாப்பிட்ட பிறகுதான் தன் கையால் பிசைந்தோம் என்பது உறைத்தது. மாலையில் ரெய்ஹானா ஆஸ்பத்திரியிலிருந்து, ரசம் சாதம் கேட்டுச் சண்டை போடுவதாகச் செய்தி அனுப்பினாள்.

டாக்டர் தாட்சாயணி எல்லோரையும் கூப்பிட்டார். மருதாசலமும் சவரம் செய்யாத முகத்தோடு வந்து உட்கார்ந்தார். டாக்டர் ஒரு திரையைத் திருப்பிக் காட்டினார். கோடுகள் ஏறி, உச்சிக்குப் போய், ஒழுங்காக இறங்கியிருந்தன.

"வீக்கம் வர்றது சீக்கு இல்ல. வந்தது போகாம இருக்கறதுதான் சீக்கு. இது வந்துச்சு, வேலையப் பாத்துச்சு, போயிருச்சு. இத்தன வருஷத்துல உங்க அஞ்சு உடம்பும் ஒழுங்கா வீங்கினது இதான் முதல் தடவை." அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு இருக்கு. அன்னிக்கு இவர் உடம்புல 'போதும்'ங்கற சேதியே இல்ல. ஒரு துளி இல்ல. அழுதுட்டு இருந்தார். அப்ப உங்களுக்கெல்லாம் எப்படி இறங்குச்சுன்னு எனக்குப் புரியல. ரெண்டு நாளாப் பாத்தேன். சேதி இவர்கிட்ட இருந்து வரல. இவருக்குப் போயிருக்கு."

"எங்கிருந்துங்?" என்றாள் வனிதாமணி.

"முதல்ல ரெய்ஹானா. அப்புறம் நீங்க. அப்புறம் மத்தவங்க. பயந்து நடுங்குனாளே, அந்தப் பொண்ணு உடம்புதான் முதல்ல சொல்லியிருக்கு. தயிர் ஒறைஞ்சா அதுவே அடுத்த பாலுக்கு உறைதானேம்மா. நான்தான் யோசிக்கல."

மருதாசலம் மீசையைத் தடவிக்கொண்டார். "அதான் சாவு வீட்டுல அப்படித் தூங்குனனா" என்றார். "அண்ணி திட்டுனாங்க, இப்படியா ஒரு மனுசன் கொறட்டை வுடுவான்னு."

டாக்டர் சொன்னார், இனி மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம், ஆறு மாதத்தில் கருவியையே எடுத்துவிடலாம், அவரவர் உடம்பு அவரவரைப் பார்த்துக்கொள்ளும் என்று. எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். எப்போது வந்து எடுத்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வனிதாமணி வழக்கம் போல பேக்கரிக்குப் போனாள். இனிப் போகத் தேவையில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். தேங்காய் பன்னில் பாதியை அவருக்குக் கொடுக்காமல் முழுவதையும் தின்றாள். பின்னறையில் மருதாசலம் பவுடர் தூவினார். ஆட்டம் நடுவுக்கு வந்ததும் அவருடைய முழங்கை மெதுவாக ஒரு கறுப்புக் காய்ப் பக்கம் நகர்ந்தது.

"கையெடுங்க" என்றாள் வனிதாமணி.

"சட்டை தட்டீருச்சு."

"சட்டைய மடிச்சு வுடுங்க."

அவர் திகைத்துப் போய்க் கையைப் பின்னுக்கு இழுத்தார். அவள் ஸ்ட்ரைக்கரை வைத்து, பத்து விரலும் நேராக இருப்பதை ஒரு நொடி பார்த்துவிட்டு, சிவப்புக் காயைச் சுண்டினாள். விழுந்தது. அதைத் தக்கவைக்க ஃபாலோவாக ஒரு வெள்ளையையும் போட்டாள். பிறகு மிச்சம் இருந்த காய்களை ஒன்றன்பின் ஒன்றாக, இரக்கமில்லாமல், குழிக்குள் தள்ளினாள்.

மருதாசலத்துக்கு எரிச்சல் வந்தது. அவள் ஆள்காட்டி விரலின் கணுவில் லேசாகச் சுருக்கென்றது.

"இன்னொரு ஆட்டம் போடு" என்றார் அவர்.

அவள் விரலை ஊதிக்கொண்டு, சிரித்தபடியே காய்களை அடுக்கினாள்.